ஆள் இங்கே, மனம் எங்கோ: வார்த்தைக் கொடுமைக்குப் பிறகு வரும் மனவிலகலிலிருந்து மீள ஒரு முழுமையான வழிகாட்டி

களி கிண்டிக்கொண்டிருந்தேன். கொதிக்கிற உலையில் கேழ்வரகு மாவைப் போட்டு, கட்டையால் கிளற ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது அடிப்பிடித்த வாசனையும், அத்தை கதவருகே நின்று "ஏம்மா, உன் மூக்கு என்ன அடைச்சா கிடக்கு?" என்று கேட்டதும்தான். இடையில் எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. வலது மணிக்கட்டில் களி தெறித்துக் கொப்புளம் எழும்பியிருந்தது. அது எப்போது தெறித்தது என்றும் தெரியவில்லை. வலிக்கவே இல்லை.

அன்று காலை கணவர் கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. பதினோராவது நாளாக என்னோடு பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் காத்து கருப்பு என்றார்கள். தாயத்து கட்டினார்கள். காவேரிப்பட்டணம் பக்கத்து அந்த வீட்டை விட்டு, தர்மபுரி பக்கம் அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான், ஒரு மனநல மருத்துவர் சொல்லி இதற்குப் பெயர் உண்டு என்று தெரிந்தது: டிசோசியேஷன். நான் மனவிலகல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கீழே இருக்கும் படிகளை வரிசை மாற்றாமல் படியுங்கள். நான் வரிசை மாறிப் போனவள். எடுத்த எடுப்பில் பழசையெல்லாம் ஒன்று விடாமல் நினைவுக்குக் கொண்டுவர முயன்று, இரண்டு மாதம் முன்பை விட மோசமாக இருந்தேன். நிகழ்காலத்தில் கால் ஊன்றுவது முதலில் வரவேண்டும். பழைய கதை கடைசியில்.

முதல் படி: நடப்பது என்னவென்று அடையாளம் காணுங்கள்

மனவிலகல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. சிலருக்குத் தன்னையே வெளியில் நின்று பார்ப்பது போல இருக்கும். பேசுவது தன் வாய்தான், ஆனால் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்கும். கண்ணாடியில் தெரிகிற முகம் அந்நியமாக இருக்கும். சிலருக்குத் தன்மேல் சந்தேகம் வராது, உலகத்தின்மேல் வரும். மார்கழிக் காலையில் ஓசூர் ரோட்டில் பனி இறங்கினால் எதிரே வரும் லாரி எப்படிக் கலங்கித் தெரியும்? அப்படி வீடு, தெரு, பெற்ற பிள்ளை எல்லாமே கலங்கித் தெரியும். இன்னும் சிலருக்கு நேரமே காணாமல் போகும். ஒருநாள் காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறி கிருஷ்ணகிரியில் இறங்கினேன். இடையில் டேமுக்குத் திரும்புகிற ரோடு வந்ததா என்று இன்றுவரை தெரியாது. டிக்கெட் கையில் இருந்தது. வாங்கிய நினைவு இல்லை. அப்புறம், எதுவும் உறைக்காமல் மரத்துப்போய் இருப்பது. சாவு வீட்டில் அழுகை வராது, தங்கை கல்யாணத்தில் சந்தோஷம் வராது.

வேலைக் களைப்பில் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பது எல்லோருக்கும் உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடிக்கடி வருகிறது, வேலையைக் கெடுக்கிறது, ஒருவரின் குரலையோ காலடியையோ கேட்டதும் வருகிறது என்றால் கவனியுங்கள்.

இது பைத்தியம் பிடிப்பதும் இல்லை. மனவிலகலில் இருப்பவர் "கனவு மாதிரி இருக்கிறது" என்பார். அது கனவு இல்லை என்று அவருக்கே தெரியும். இல்லாத குரல்கள் கட்டளையிடுகின்றன, ஊரே சேர்ந்து சதி செய்கிறது என்று உறுதியாக நம்புவது வேறு நோய். அதற்கு உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

ஏன் வருகிறது? நாய் துரத்தினால் ஆடு ஓடும். கட்டிப்போட்ட ஆடு என்ன செய்யும்? விறைத்துப்போய் நிற்கும். ஆபத்து வந்தால் எதிர்ப்பது, ஓடுவது, இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் உறைந்து நிற்பது என்று உடம்புக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. தினமும் மட்டம் தட்டுகிறவர் அதே வீட்டில் சாப்பிடுகிறார், அதே வீட்டில் தூங்குகிறார். ஓட இடமில்லை. உடம்பு அங்கேயே நிற்க, மனம் மட்டும் வெளியே போய்விடுகிறது. பிரான்சைச் சேர்ந்த பியர் ஜானே என்ற மருத்துவர் 1889-லேயே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தாங்கமுடியாத அனுபவம் மற்ற நினைவுகளோடு ஒட்டாமல் தனியே பிரிந்து நிற்கும் என்று அவர் விளக்கினார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. என் புத்தி என்னைக் காப்பாற்றத்தான் அவ்வளவு நாளும் பாடுபட்டிருக்கிறது. நான் அதைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இரண்டாம் படி: உடம்பை ஒருமுறை சோதித்துவிடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். வலிப்பு நோயில் ஒரு வகை, கைகால் வெட்டாமல், வெறித்த பார்வையோடு மட்டுமே வரும். அந்த நேரம் வாய் சப்புக்கொட்டுவது, கை துணியைப் பிசைந்துகொண்டே இருப்பது, தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருப்பது, நாக்கைக் கடித்துக்கொள்வது, சிறுநீர் போய்விடுவது இதிலெல்லாம் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இறங்குவது, ஒற்றைத் தலைவலி இவையும் தலையை மிதக்கவைக்கும். மதுவும் கஞ்சாவும் மனவிலகலைக் கிளப்பிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையில் பாதி விஷயம் தெரிந்துவிடும். எனக்கு ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. மாத்திரை சாப்பிட்டதில் கிறுகிறுப்பு போனது, விலகல் போகவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அப்படித்தான் பிரித்துப் புரிந்துகொண்டேன்.

மூன்றாம் படி: அந்த நிமிடத்தில் திரும்பி வருவது

இதுதான் தினமும் கை கொடுப்பது. விலகல் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. தெளிவாக இருக்கும் நேரத்தில், காலையும் மாலையும் ஐந்து நிமிடம் பழகிவையுங்கள்.

கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்கிறவர்கள் நிறைய. பலருக்கு அது நல்லது. மனம் விலகிப் போகிறவருக்குக் கண்ணை மூடுவது போகிற பாதையைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடலாம். எனக்கு அப்படித்தான் ஆனது.

செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். சிமெண்டுத் தரையின் சில்லிப்பு, வாசலின் மண், கருங்கல் படியின் சொரசொரப்பு, எதுவானாலும் சரி. குதிகாலில் எடை இறங்குவதைக் கவனியுங்கள். அப்புறம் வாய்விட்டுச் சொல்லுங்கள், முணுமுணுப்பாக இருந்தாலும் போதும்: கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, கேட்கிற மூன்று சத்தம், மூக்குக்குத் தெரிகிற இரண்டு வாசனை, நாக்கில் ஒரு ருசி. வெறுமனே பெயரைச் சொல்லிக்கொண்டு போனால் பாதிப் பலன்தான். "குடம்" என்று நிறுத்தாமல், "பச்சை பிளாஸ்டிக் குடம், வாய் ஓரத்தில் விரிசல், அதில் மெழுகு தடவியிருக்கு" என்று சொல்லுங்கள். அந்த விரிசலைப் பார்க்க நீங்கள் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் இருக்கிற ஒரு மருந்தைச் சொல்கிறேன். மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள். ஓடு உடைத்து, நார் இழுத்து, கொட்டை எடுப்பது. அம்மா வீட்டில் முதல் வருடம் நான் அந்த வேலையில்தான் உட்கார்ந்தேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், நார் நகக்கண்ணில் குத்தும், கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும், வாசனைக்கே வாயில் எச்சில் ஊறும். கை, மூக்கு, நாக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற இடத்திலிருந்து மனம் நழுவுவது கஷ்டம். இன்றைக்கும் என் பையில் சின்ன டப்பாவில் கொட்டை எடுத்த புளியும் கல் உப்பும் இருக்கும். பஸ்ஸில் பனி இறங்குகிற மாதிரி தெரிந்தால் ஒரு சிட்டிகை நாக்கில் வைப்பேன். கிராம்பு, இஞ்சி, எலுமிச்சைத் தோல் எதுவும் உதவும். பானைத் தண்ணீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் போடுவதும் உதவும்.

நீங்கள் தேர்ந்தெடுக்கிற வாசனையில் பழைய ஆள் இருக்கக்கூடாது. ஒரு தோழிக்கு மல்லிகை ஆகாது. சண்டை போட்ட மறுநாள் அவளுடைய கணவர் மல்லிகைச் சரம் வாங்கி வருவாராம்.

மூச்சை வேக வேகமாக ஆழமாக இழுக்க வேண்டாம், அது மிதப்பைக் கூட்டிவிடும். சாதாரணமாக இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி மெதுவாக, இழுத்ததை விட நீளமாக விடுங்கள். ஐந்தாறு முறை போதும்.

கடைசியாகத் தேதி. "இன்று வியாழக்கிழமை. நான் அம்மா வீட்டுத் திண்ணையில் இருக்கிறேன். அப்போது எனக்கு 24 வயது, இப்போது 31. அப்போது என் கையில் காசு இல்லை, இப்போது பாஸ்புக் என் பெயரில் இருக்கிறது." அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதுதான் இதில் முக்கியம். உடம்பு இன்னும் அந்தப் பழைய வருடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதற்குத் தெரியாததைத் தெரிவிக்கிறோம்.

விலகல் வருகிற காலத்தில் வண்டி ஓட்டாதீர்கள். கிணற்று மேடு, கொதிக்கிற எண்ணெய், ஓடுகிற மெஷின் இவற்றின் பக்கத்தில் தனியாக நிற்காதீர்கள். என் மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது.

நான்காம் படி: பால் கணக்கு நோட்டு

வார்த்தைக் கொடுமை செய்கிறவர்கள் பலரும் செய்வது, சொன்னதைச் சொல்லவே இல்லை என்பது. "நான் எப்ப அப்படிச் சொன்னேன்? உனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு." விலகல் வருகிறவருக்கு நினைவில் ஓட்டை இருக்கும். அதனால் அந்த வார்த்தை நேராக அந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நானே என்னை நம்பாமல் போனது அப்படித்தான்.

எழுதி வைப்பது இதற்கு மருந்து. ஆனால் போனைத் துருவிப் பார்க்கிற வீட்டில், டைரியைப் படிக்கிற வீட்டில் எங்கே எழுதுவது? சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற கணக்கு நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் நான் புள்ளி வைத்தேன். மனம் போனால் ஒரு புள்ளி. ரொம்ப நேரம் போனால் இரண்டு. அவர் பேசாமல் இருந்த நாளுக்கு ஒரு கோடு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கோடு இருந்த இடத்திலெல்லாம் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ புள்ளி இருந்தது. எனக்கு ஒரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது.

பாதுகாப்பான இடத்தில் இருப்பவர்கள் விரிவாகவே எழுதலாம்: எத்தனை மணிக்கு, எங்கே, அதற்குச் சற்று முன் என்ன கேட்டது, என்ன சாப்பிட்டிருந்தேன், முந்தின இரவு எவ்வளவு தூங்கினேன். தூக்கம் கெட்ட மறுநாளும் காலைச் சாப்பாட்டை விட்ட நாளும் எனக்குக் கட்டாயம் புள்ளி விழும். என்னைக் கிளப்பிவிடுவது வாசலில் பைக் ஸ்டாண்டு போடுகிற சத்தம். யாருடைய பைக் என்றாலும் சரி. அது தெரிந்த பிறகு, சத்தம் கேட்டதும் எழுந்துபோய் ஜன்னலில் பார்த்து, "இது பால்காரர் வண்டி" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினேன்.

ஐந்தாம் படி: கொடுமை இன்னும் நடந்துகொண்டிருந்தால்

அதே வீட்டில் இருந்துகொண்டு மேலே சொன்னதையெல்லாம் செய்தும் பெரிய பலன் இல்லை என்றால், உங்கள்மேல் பிழை இல்லை. ஆபத்து இருக்கும் வரை மனம் தன் காவலை விடாது. அதை வலுக்கட்டாயமாக நிறுத்தவும் வேண்டாம். உடனே கிளம்பிவிடு என்று சொல்வது எனக்குச் சுலபம். பிள்ளைகளும் காசும் போக்கிடமும் இல்லாதவருக்கு அது சுலபம் இல்லை. அதனால் சின்னச் சின்னதாக ஆரம்பியுங்கள்.

ஒருவரிடமாவது சொல்லுங்கள். நான் முதலில் சொன்னது 100 நாள் வேலையில் பக்கத்தில் மண் அள்ளிய அக்காவிடம். "அடிக்கல இல்ல, அப்புறம் என்ன பாப்பா?" என்று அவர் கேட்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எத்தனை நாளா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், நகை ரசீது இவற்றின் நகலை நம்பகமான இன்னொரு வீட்டில் வையுங்கள். போன் அவர் கைக்குப் போகும் என்றால் உதவி எண்களை வேறொருவர் போனிலிருந்து கூப்பிடுங்கள்.

சட்டம் இதைக் கொடுமை என்றே சொல்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில், இழிவாகப் பேசுவதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் செலவுக்குப் பணம் தராமல் ஒடுக்குவதும் குடும்ப வன்முறைதான். காயம் காட்ட வேண்டிய அவசியமில்லை. மனைவி மட்டும் என்றில்லை. மகள், தாய், சகோதரி, விதவை யாரும் புகார் செய்யலாம். சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணைச் சட்டப்படி இல்லாமல் வெளியேற்றவும் முடியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கான பாதுகாப்பு அலுவலரைப் பற்றிக் கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181. உயிருக்கு ஆபத்து என்றால் 112. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம். கொடுமைக்கு ஆளாவது குழந்தை என்றால் 1098.

தற்கொலை எண்ணம் வந்தால் மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிட்டு 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஆண்களும் பேசலாம். அப்பாவின் வாயாலும் முதலாளியின் வாயாலும் உடைந்துபோன ஆண்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஆறாம் படி: வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்

இந்தப் பகுதியை அம்மாவிடமோ தங்கையிடமோ படிக்கக் கொடுங்கள்.

வெறித்துப்போய் உட்கார்ந்திருப்பவரை உலுக்காதீர்கள், கன்னத்தில் தட்டாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். வேப்பிலையால் அடிக்கிற இடத்துக்கு அழைத்துப் போகவே போகாதீர்கள். கோயிலுக்குப் போய் உட்கார்ந்து வருவது மனசுக்கு இதம் என்றால் தாராளமாகப் போகட்டும். பயமுறுத்துகிற எதுவும் விலகலைக் கூட்டும். பின்னால் வந்து தொடாமல், கண்ணில் படுகிற மாதிரி முன்னால் உட்காருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். என் அம்மா ஆரம்பத்தில் "எங்கடி போயிட்ட? கூப்பிடுறது காதுல விழலையா?" என்று பதறுவார். இப்போது மெதுவாக, "கண்ணு, அம்மா இங்க இருக்கேன். நாம நம்ம வீட்லதான் இருக்கோம். மணி நாலாச்சு. கையைப் பிடிக்கட்டுமா?" என்கிறார். தலையாட்டினால்தான் தொடுவார். தெளிந்த பிறகு என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று கேட்பதில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

ஏழாம் படி: மருத்துவரிடம் போவது

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் சிகிச்சை இலவசம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு பெங்களூருவில் இருக்கும் நிமான்ஸ் என்ற மனநல மருத்துவமனை எட்டுகிற தூரம்தான். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கும் உரிமை. கூட வருபவர் கொடுமை செய்கிறவராக இருந்தால், "தனியாகப் பேசணும் டாக்டர்" என்று சொல்லுங்கள்.

புறநோயாளிப் பிரிவில் கூட்டம் இருக்கும். பேச ஐந்து நிமிடம்தான் கிடைக்கலாம். நான் முதல் தடவை "தலை ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொல்லி, தூக்க மாத்திரையோடு திரும்பி வந்தேன். அடுத்த தடவை தாளில் எழுதிக்கொண்டு போனேன்: வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம், அப்போது என்ன நடக்கும், எதைக் கேட்டால் வரும், வீட்டில் என்ன நடந்தது. கூடவே பால் நோட்டு. அதைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் மருத்துவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

மனவிலகலுக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே இருக்கிற பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை தருவார்கள், அது கை கொடுக்கும், நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கியமான சிகிச்சை பேச்சுதான். நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே எல்லாக் கதையையும் கொட்டச் சொல்லமாட்டார். முதலில் கால் ஊன்றப் பழக்குவார், அது நிலைத்த பிறகு பழைய நினைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவார், அதன் பிறகு அன்றாட வாழ்க்கையோடு சேர்ப்பார். யாராவது முதல் நாளே தோண்ட ஆரம்பித்தால் "மெதுவாப் போலாங்களா?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

எட்டாம் படி: மரத்தது விடும்போது

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துவிடும். எழுந்து நின்றால் ரத்தம் ஓடும்போதுதான் குத்தும், நிற்க முடியாது. மனமும் அப்படித்தான். புள்ளிகள் குறைய ஆரம்பித்த சமயத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருடக் கோபம். அம்மாவிடம் கத்தினேன், தக்காளி விற்கப் போன இடத்தில் எடைக்காரரிடம் கத்தினேன், இரவில் அழுதேன். மறுபடியும் கெட்டுவிட்டது என்று பயந்து சிகிச்சையை நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தாதீர்கள். அழுகையும் கோபமும் வருகிற நாட்களில் ஆலோசகரை அடிக்கடி பாருங்கள், மூன்றாம் படியை இரண்டு மடங்கு செய்யுங்கள், தனியாக இருக்க வேண்டாம்.

இடையில் பழையபடி சில நாட்கள் வரும். கோர்ட்டுத் தேதி, அவர்கள் வீட்டு ஆட்கள் கண்ணில் படுகிற திருவிழா, உடம்பு சரியில்லாத வாரம். மாங்காய் சீசனில் கூழ் ஆலைக்கு லாரிகள் வரிசையாகப் போகும்போது எனக்கு ஒரு வாரம் ஆட்டம் காணும். நான் அந்த வீட்டை விட்டு வந்தது அந்த மாதத்தில். இப்போது வைகாசி பிறப்பதற்கு முன்பே புளி டப்பாவை நிரப்பி வைத்துவிடுவேன், அம்மாவிடமும் சொல்லிவைப்பேன். நோட்டு இன்னும் இருக்கிறது. போன வருடம் அந்த மாதத்தில் ஒன்பது புள்ளி. இந்த வருடம் நான்கு.